உங்களுக்குத் தெரியுமா? துத்தநாகத்தை மோப்பம் பிடிக்கும் புரதம்

பச்சைப்பயறில் 100 கிராமுக்குச் சுமார் 2.7 மில்லிகிராம் துத்தநாகம் உண்டு. இப்படி உணவில் கிடைக்கும் துத்தநாகம் செல்லுக்குள் மிகுந்தால், அதை மோப்பம் பிடிப்பது எம்.டி.எஃப்-1 என்ற புரதம். அது உடனே டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, உலோகத்தைக் கட்டிப்போடும் மெட்டாலோதயோனீனின் மரபணுவை முடுக்கிவிடும். எம்.டி.எஃப்-1 அறவே இல்லாத எலி, கருவிலேயே கல்லீரல் கெட்டு இறந்துவிடுகிறது!

இந்தப் புரதத்தைக் கண்ணால் பார்க்க வழி? அதன் ஒரு துண்டை முயலுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். முயலின் உடம்பு அதற்கென்றே ஆன்டிபாடி தயாரிக்கும். முயலின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயம் சேர்த்துச் செல்லில் இட்டால், அங்கே எம்.டி.எஃப்-1 இருக்கும் இடம் மட்டும் ஒளிரும். இத்தகைய ஆன்டிபாடிப் புட்டிகளில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நோயாளிக்குப் பரிசோதனை செய்ய அதைப் பயன்படுத்தக் கூடாது.