கடை காஞ்சியில், சரக்கு வர்ஜீனியாவில்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்று வெப்சைட் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் படங்கள் சுழல வேண்டும், சரிகை மின்ன வேண்டும் என்று முதலாளி ஆசைப்படுவார். ஹோஸ்டிங் பேச்சு வந்தால் மட்டும், "எது மலிவோ அதைப் போடுங்க தம்பி" என்று டிசைனரிடம் முடித்துவிடுவார். அந்த மலிவுத் திட்டத்தின் சர்வர் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருந்தால்?

வெற்றிடத்தில் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளி, கண்ணாடி இழைக்குள் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் ஓடும். சென்னையிலிருந்து வர்ஜீனியா நேர்க்கோட்டிலேயே 13,000 கி.மீ.க்கு மேல். போய்வர 0.13 விநாடி, கடலடிக் கேபிள்கள் வளைந்து வளைந்து போவதால் நடைமுறையில் 0.2 விநாடிக்கும் கூடுதல். கண் சிமிட்டும் நேரம்தானே என்று தோன்றும். ஆனால் ஒருமுறை போய்வந்தால் போதாது. சர்வரோடு தொடர்பு ஏற்படுத்த ஒரு சுற்று, ரகசியப் பூட்டு போட இன்னொன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க மூன்றாவது. முதல் எழுத்து திரையில் விழுமுன்பே அரை விநாடி தாண்டிவிடும். சர்வர் மும்பையில் இருந்தால் இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி மிச்சம். மலிவுத் திட்டங்களிலும் பல, சர்வர் எந்த ஊரில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விடுகின்றன. நாம்தான் கேட்பதில்லை.

தூரத்தைவிடப் பெரிய வில்லன் பக்கத்தின் எடை. பாதை எவ்வளவு தாங்கும் என்பது சர்வருக்குத் தெரியாது. அதனால் முதல் தவணையில் ஏறக்குறைய 14 கிலோபைட் மட்டும் அனுப்பும். அது போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்ததும் அடுத்த தவணையை இரட்டிப்பாக்கும். யூனிகோடின் UTF-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்; 'கி' போன்ற உயிர்மெய்க்கு 6. அப்படியும் கடை முகவரி, நேரம், விலைப்பட்டியல் எல்லாம் சுருக்கி அனுப்பினால் அந்த முதல் தவணையிலேயே அடங்கிவிடும். அதே விலைப்பட்டியலை போட்டோவாக எடுத்து ஒட்டுகிறவர்களை என்ன சொல்ல? எடையும் கூடும், தேடுபொறி அதை எழுத்தாகப் படிப்பதும் நிச்சயமில்லை.

சேலைப் படங்களுக்கு வருவோம். போன் கேமராவில் எடுத்த 12 மெகாபிக்ஸல் படம் 4,000 பிக்ஸல் அகலம், 4 எம்.பி. எடை இருக்கும். பார்ப்பவரின் போன் திரையோ பெரும்பாலும் 1,080 பிக்ஸல்தான். பத்து படங்களை அப்படியே ஏற்றினால் 40 எம்.பி.; விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அது இறங்க 32 விநாடி. வாடிக்கையாளர் அதற்குள் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார். அகலத்தை 1,080-க்குக் குறைத்து, கூகுள் 2010-இல் வெளியிட்ட வெப்பி வடிவில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும்; சரிகையின் நெளிவும் தெரியும். சுழலும் முகப்புப் படங்கள் என் கணக்கில் வீண் செலவு. இரண்டாவது படம் வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்?

முன்பு சொன்ன ரகசியப் பூட்டுக்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே தருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

டொமைன் பெயரை மட்டும் டிசைனரின் மெயிலில் பதிய விடாதீர்கள். பதிவு கடைக்காரர் பெயரிலும் அவர் மெயிலிலும் இருக்கட்டும். தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவர் இன்பாக்ஸில்தான் போய் விழும். தீபாவளி சீசனில் கடை திறந்திருக்கும், வெப்சைட் திறக்காது.