பழைய காருக்குத் தண்ணீர் காட்டுங்கள்!

தண்ணீர் காட்டாமல் மாட்டை வண்டியில் பூட்டுவீர்களா? மாட்டீர்கள். ஆனால் அப்பா காலத்து மோரிஸ் மைனரையோ டட்சனையோ பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் வழியில், நெரிசலில் ஊர்ந்து, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிய பிறகுதான் தண்ணீர் நினைவுக்கு வருகிறது!

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்குகிறது. 1948-இல் வெளிவந்த முதல் மோரிஸ் மைனரில் வாட்டர் பம்ப்கூட இல்லை. சூடான நீர் தானாக மேலேறிக் குளிர்ந்து இறங்கியது. இப்படிப்பட்ட வண்டிகளை நம் வெயிலில் ஓட்டக் கவனம் வேண்டும்.

புறப்படுமுன், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கிணற்று நீர் வேண்டாம். கெண்டியின் அடியில் படிவதுபோல் உள்ளே உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றினால் துருவும் பிடிக்காது.

ஃபேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் அமுங்கலாம். அதற்குமேல் தொய்ந்தால் இறுக்குங்கள். வழியில் பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். உடனே நிறுத்துங்கள்.

ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டரில் அடைந்த செம்மண் புழுதியையும் பூச்சிகளையும் எஞ்சின் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மேட்டில் முள் ஏறினால் கியரைக் குறையுங்கள். ஏர்கண்டிஷன் இருந்தால் அணையுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள்.

இனிதான் முக்கியம். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்! திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 7 பவுண்டு அழுத்த மூடிக்குள்ளோ சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி கழன்ற நொடியில் கொதிநீரும் ஆவியுமாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது பொறுங்கள். பிறகு மூடிமேல் தடித்த துணியைப் போட்டு, சற்றே திருப்பி, ஆவியை வெளியேற்றிவிட்டுத் திறங்கள். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக நீர் ஊற்றுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

அடிக்கடி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டிக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

கார் நின்றால் பஸ் ஏறலாம். மரம் வெட்டும் கை, குலை அறுக்கும் கை வெந்துபோனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?