லிட்டி சோக்கா: பீஹார்க் குடியானவரின் ஆகாரமும் அதன் அடுப்பும்

பீஹாரின் மேற்குப் பாகத்திலுள்ள போஜ்பூர், பக்ஸர், ஸாரண் முதலிய ஜில்லாக்களிலும், அவற்றை அடுத்துள்ள உத்தரப் பிரதேசக் கிழக்கு ஜில்லாக்களிலும் குடியானவர்கள் விரும்பி உண்ணும் ஆகாரம் லிட்டி சோக்கா ஆகும். வறுத்த கடலை மாவை உள்ளே பொதிந்து தணலில் சுட்டெடுத்த கோதுமை உருண்டைக்கு லிட்டி என்று பெயர். சுட்ட கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பிசைந்து செய்வது சோக்கா. உப்பு நீங்கலாக, இதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை குடியானவரின் நிலத்திலும் தொழுவத்திலுமே கிடைத்துவிடும். ஆயினும் இவ்வாகாரத்திற்காக நிலம் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. அதையும் கணக்கிற் சேர்ப்பது நிலமுடையோர் கடமை.

கடலையும் ஸத்துவும்

பீஹாரில் கொண்டைக் கடலை மழைக்காலம் நீங்கியபின் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டு, மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. நிலத்தில் தங்கிய ஈரமே இப்பயிருக்குப் பெரும்பாலும் போதுமானது. கங்கையை அடுத்த மொகாமாத் தாழ்நிலங்கள் மழைக்காலத்தில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்து, நீர் வடிந்தபின் இத்தகைய பயறுகளையே விளைவிக்கின்றன. கடலைச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து செடிக்கு அளிக்கின்றன. வேரும் சருகும் மண்ணில் மக்கும்போது அதில் ஒரு பங்கு அடுத்த பயிருக்குக் கிடைக்கிறது.

இக்கடலையைச் சூடான மணலிலிட்டு வறுத்து, தோல் நீக்கி அரைத்த மாவே ஸத்து. இதை மறுபடி வேக வைக்க வேண்டியதில்லை. உப்பும் நீரும் சேர்த்து வயல் வரப்பிலேயே உண்ணலாமாகையால், உழவுக்குப் போவோர் இதை முடிந்து கொண்டு செல்வது வழக்கம். மேஷ ஸங்கராந்தியை ஒட்டி, அதாவது தமிழ்நாட்டில் சித்திரை பிறக்கும் சமயத்தில், ஸதுவான் என்னும் பண்டிகையன்று புது ஸத்துவையும் மாங்காயையும் உண்கிறார்கள். கடலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் உண்டு. கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள அம்சத்தைக் கடலைப் புரதம் ஈடு செய்கிறது. ஆதலின் இரண்டும் ஒரே உருண்டையில் சேர்வது உடலுக்கு மிகவும் ஏற்றது.

செய்யும் முறை

கோதுமை மாவு 4 ஆழாக்கிற்கு ஸத்து 2 ஆழாக்கு போதும். கோதுமை மாவில் உப்பும் சிறிது நெய்யும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க வேண்டும். ஸத்துவில் உப்பு, ஓமம், கருஞ்சீரகம், நறுக்கிய பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சஞ் சாறு, 2 கரண்டி கடுகெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, நீர் தெளித்துப் பிசற வேண்டும். கையிற் பிடித்தால் நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். இதுவே பக்குவம். ஈரம் மிகுந்தால் உருண்டை வெடித்துவிடும்.

மாவைப் பெரிய எலுமிச்சம்பழ அளவு எடுத்துக் கிண்ணம்போற் குழித்து, ஸத்துவை நிரப்பி, வாயை மூடி உருட்டுக. சுவாலை அடங்கி மேலே சாம்பல் பூத்த தணலில் இவற்றை வைத்து அடிக்கடி திருப்ப வேண்டும். ஏறக்குறைய அரைமணி நேரத்தில் மேற்புறம் சிவந்து வெடிப்புக் காணும். சாம்பலைத் துணியால் தட்டிவிட்டு, உருண்டையைப் பிளந்து நெய்யில் தோய்த்து உண்பர்.

சோக்காவுக்கு விதை குறைந்த பெரிய கத்தரிக்காயே சிறந்தது. காயைக் கீறி உள்ளே புழு இல்லை என்று கண்டபின், பூண்டுப் பற்களைச் செருகி, தக்காளி, உருளைக்கிழங்குடன் அதே தணலிற் சுட வேண்டும். தோலுரித்து மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, காய்ச்சாத கடுகெண்ணெய் ஆகியவற்றைக் கலந்தால் சோக்கா தயார்.

அடுப்பு கேட்கும் விலை

லிட்டிக்கு வழக்கமான எரிபொருள் வறட்டியே. பக்ஸரில் கார்த்திகையை ஒட்டி நடக்கும் பஞ்சகோசி யாத்திரையின் கடைசி நாளில், சரித்திரவனத்தில் கூடும் ஜனங்கள் வறட்டித் தணலில் லிட்டி சுட்டு உண்கிறார்கள். வறட்டி மெதுவாகவும் ஒரே சீராகவும் கனல்வதால் உருண்டை கருகாமல் உள்வரை வேகிறது. குடியானவர் அதை விரும்புவது காரணமற்றதன்று.

ஆனால் சாணம் எரியும்போது அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. மண்ணை இளக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்கும் பொருளும் அழிகிறது. எஞ்சுவது சாம்பல் சத்தும், மணிச்சத்தும், சுண்ணாம்புமே. கடலைச் செடி காற்றிலிருந்து நிலத்திற்குச் சேர்த்த செல்வத்தை, அதே கடலையைச் சமைக்கும் அடுப்பு திரும்பவும் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது.

1889-ம் வருஷத்தில் இந்திய விவசாயத்தை ஆராய வந்த ஜான் அகஸ்டஸ் வோயெல்க்கர் என்ற ரசாயன நிபுணர், 1893-ல் வெளியான தமது அறிக்கையில் இவ்விஷயத்தை விரிவாக எடுத்துரைத்தார். சாணம் எரிவதற்குக் காரணம் குடியானவரின் அறியாமையன்று, விறகுப் பஞ்சமே என்பது அவர் கண்ட உண்மை. ஆதலால் எரிபொருளுக்கும் தீவனத்திற்கும் தனியே மரக்காடுகள் வளர்க்க வேண்டுமென்று அவர் சிபார்சு செய்தார். விறகுக்கு வழி செய்யாமல் வறட்டியை விலக்கச் சொல்வதில் பயனில்லை என்பதே இதன் கருத்து.

லிட்டியின் ருசி வறட்டியை மாத்திரம் பொறுத்ததன்று. சாம்பல் பூத்த, சீரான தணலையே பொறுத்தது. துவரைச் செடியின் காய்ந்த கட்டை, மக்காச்சோளச் சக்கை, வேலிகளிற் கழித்த கிளை ஆகியவற்றை எரித்துத் தணலாக்கினாலும் லிட்டி நன்றாக வேகும். வறட்டியை விசேஷ நாட்களுக்கு மட்டும் வைத்துக் கொண்டு, அன்றாடச் சாணத்தை எருக்குழியிற் சேர்ப்பதும், சாண எரிவாயுக் கலம் அமைத்துக் கழிவை வயலுக்கு விடுவதும் அனுகூலமானவை. கலத்திலிருந்து வெளிவரும் சாணக் கரைசலில் தழைச்சத்து பெரும்பாலும் அழியாமல் இருக்கும். அடுப்புச் சாம்பலை எருக்குழியிற் கொட்டலாகாது. அதன் காரம் எருவின் தழைச்சத்தை ஆவியாக ஓட்டிவிடும். அதைத் தனியே வைத்துக் காய்கறிப் பாத்திகளுக்கு இடலாம்.

தமிழ்நாட்டிலும் வறட்டி எரியும் அடுப்புகள் உள்ளன. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் விறகு மரங்களை வைத்துக் காப்பதில் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஒத்துழைத்தால், அடுப்பும் எரியும், எருவும் வயலுக்குச் சேரும். வயலில் விளைந்த ஆகாரம், அடுத்த விளைவுக்கு வேண்டிய எருவை எரித்துவிடாமல் சமைக்கப்படுமானால், உண்பவருக்கும் நிலத்துக்கும் ஒருங்கே நன்மை உண்டாகும்.