காருக்குள்ளே ஒரே இரைச்சலா? புது டயர் வாங்கும் முன் கொஞ்சம் காது கொடுங்கள்!

தேனியில் கிளம்பி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூருக்கு வருகிறீர்கள். (நீலகிரி கூடலூர் இல்லைங்க, நம்ம கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூர்!) ரோடு காலியாக இருக்கிறது, கார் 80-ல் போகிறது. ஆனால், உள்ளே 'ம்ம்ம்ம்...' என்று ஓர் இரைச்சல். பின் சீட்டில் இருக்கும் அம்மா சொல்வது முன் சீட்டுக்குக் கேட்கவில்லை. லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் வேகம் குறைகிறது, இரைச்சலும் அடங்கிவிடுகிறது.

"இன்ஜின்ல ஏதோ கோளாறு" என்று மெக்கானிக்கிடம் ஓடுபவர்கள் பலர். உண்மையில், ஒரே சீராக ஓடும் காரில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே இன்ஜினைவிட டயர் போடும் சத்தம்தான் அதிகம். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே இன்ஜின் சத்தமே இல்லாததால், டயர் சத்தம் தனியாகக் கேட்கும்.

சரி, டயரை மாற்றிவிட்டால் தீர்ந்ததா? அவசரப்படாதீர்கள். சத்தம் என்பது டயர் நமக்குச் சொல்லும் தகவல். என்ன சொல்கிறது என்று தெரியாமல் புது டயர் போட்டால், சில மாதங்களில் அதே சத்தம் திரும்ப வரும்.

டயர் பிறந்ததே சத்தத்தைக் குறைக்கத்தான்!

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. வண்டியை இழுக்கும் சிரமம் குறைய வேண்டும், பயணம் சொகுசாக வேண்டும், கூடவே வண்டி போடும் சத்தமும் குறைய வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன நோக்கம். அந்தக் கண்டுபிடிப்பு அப்போது எடுபடவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்த பிறகுதான் அது உலகமெங்கும் பரவியது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத்தான் தொடங்கியது. கூடலூர் வழியாகப் போகும் இதே நெடுஞ்சாலை குமுளி, முண்டக்கயம் தாண்டி, ரப்பர் வாரியத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் கோட்டயத்துக்குப் போகிறது. டயருக்கான ரப்பர் விளையும் ஊர்களுக்குப் போகும் ரோடு இது.

எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

* வேகத்துக்கு ஏற்ப 'டிக் டிக்' என்று கேட்டால், டயர் பட்டன்களுக்கு நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். ஆணியாகவும் இருக்கலாம். முதலில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

* சொரசொரப்பான ரோட்டில் இரைச்சல் அதிகமாகி, வழவழப்பான ரோட்டுக்கு வந்ததும் குறைந்தால், அது டயர் சத்தம்.

* ரோடு மாறினாலும் சத்தம் மாறவில்லை. ஸ்டீயரிங்கை லேசாக இடது, வலது திருப்பும்போது மட்டும் கூடிக் குறைகிறது என்றால், வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இதற்குப் புது டயர் மருந்து இல்லை.

* 80-லிருந்து 100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால், பேலன்சிங் பார்க்க வேண்டும்.

* மெதுவாகத் திரும்பினாலும் கொண்டை ஊசி வளைவில் 'கீச்' என்று கத்தினால், காற்று குறைவாக இருக்கலாம்.

டயரின் மேல் கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும், எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பம் போலவும் இருந்தால், டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கிறது. அந்த 'ம்ம்ம்' சத்தத்துக்கு இது முக்கியமான காரணம். அலைன்மென்ட் சரியில்லாததாலோ, ஷாக் அப்சார்பர் வீக் ஆனதாலோ, டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடாமலே ஓட்டியதாலோ இப்படித் தேயும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், அதுவும் இதே மாதிரிதான் தேயும்.

காற்றைக் குறைத்தால் சொகுசா?

"கொஞ்சம் காத்த இறக்கி வைப்பா, குலுங்காம போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும், சூடு ஏறும், ஓரங்கள் சீக்கிரம் தேயும், மைலேஜும் குறையும். ஐந்து பேரும் பெட்டிகளுமாக மலை ஏறும்போது இது ஆபத்து. அதற்காக அதிகமாகவும் அடிக்கக் கூடாது. கார் குதிக்கும், சத்தமும் கூடும்.

சரியான அளவு உங்கள் காரிலேயே இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. ஓட்டி முடித்த சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

பெரிய அலாய் வீல் மோகம்

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது, அந்த அகலத்தில் 65 சதவிகிதம் பக்கவாட்டுச் சுவரின் உயரம் என்று அர்த்தம். அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். 15 என்பது அங்குலத்தில் வீல் அளவு.

அழகுக்காக இதை 195/55 ஆர்16 ஆக மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால், பக்கவாட்டுச் சுவர் 107 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்கும் ரப்பரும் காற்றும் 13 மில்லிமீட்டர் குறைவு. அந்த அடி நேராக உங்கள் முதுகுக்கு வரும்! அகலம் கூடினால் பொதுவாகச் சத்தமும் கூடும். சொகுசுதான் முக்கியம் என்றால், கம்பெனி கொடுத்த அளவிலேயே இருங்கள்.

பட்டன் டயர் வேண்டாமே!

ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பெரிய கட்டைகளாகப் பிளந்திருக்கும் டயரைப் பார்த்திருப்பீர்கள். சேற்றுப் பாதைக்கு அது வேண்டும். ஆனால், தார் ரோட்டில் ஒவ்வொரு கட்டையும் தரையைத் தட்டித் தட்டிப் போகும், இடையில் மாட்டிய காற்றும் பிதுங்கி வெளியேறும். அதுதான் அந்த 'ஊஊஊ'. தோட்டத்துக்குள் போகாத குடும்பக் காருக்கு இது தேவையில்லை.

டூரிங் வகை என்று விற்கப்படும் டயர்களில் பட்டன்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. வேண்டுமென்றே சிறிதும் பெரிதுமாக வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே தாளத்தில் தட்டினால் ஊளைச் சத்தம் வரும். தாளத்தைக் கலைத்துவிட்டால் காதை உறுத்தாது. மிச்செலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்றவை இந்த வகை. சில விலை உயர்ந்த டயர்களுக்குள் ஸ்பாஞ்ச் போன்ற நுரையும் ஒட்டியிருப்பார்கள். டயருக்குள் காற்று எதிரொலிக்கும் சத்தத்தை அது குறைக்கும். அதில் பஞ்சர் என்றால், நுரை இருக்கிறது என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டெசிபல் கணக்கு

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி, இந்தியாவில் டயர்கள் ஏஐஎஸ்-142 என்ற தரத்துக்கு உட்பட வேண்டும். உருளும்போது எழும் சத்தம், ஈர ரோட்டில் பிடிப்பு, உருளும்போது வீணாகும் சக்தி என மூன்றையும் அது பார்க்கிறது. ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் டெசிபல் அளவும், ஏ, பி, சி என்ற சத்த வகையும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். 3 டெசிபல் குறைந்தாலே ஒலியின் சக்தி பாதியாகிவிடும்.

ஆனால், ஒரு விஷயம். அந்த டெசிபல் காருக்கு வெளியே அளப்பது. இன்ஜினை அணைத்து, காரைச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு, பாதையின் நடுவிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். காருக்குள் எவ்வளவு கேட்கும் என்பது உங்கள் காரைப் பொறுத்தது. அதனால், அதே மாடல் கார் வைத்திருப்பவரிடம் அனுபவம் கேட்பது நல்லது.

முதலில் பிடிப்பு, பிறகு சொகுசு

நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம். பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும்போதே குமுளிப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும். சபரிமலை சீசனில் அந்த மலைப்பாதையில் வண்டிக்குப் பின் வண்டியாக இறங்கும். அங்கே நம்மை நிறுத்துவது ஈரத்தில் டயருக்கு இருக்கும் பிடிப்புதான். சத்தமே போடாத டயரும், நனைந்த வளைவில் வழுக்கினால் எதற்கு?

நல்ல சேதி என்னவென்றால், இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். வயதான டயரின் ரப்பர் இறுகிப்போகும். இறுகினால் சத்தமும் கூடும், பிடிப்பும் குறையும். அதனால், பட்டன் இருக்கிறதே என்று பழைய டயரை நம்பாதீர்கள். பட்டன்களுக்கு நடுவே உள்ள தேய்மானக் குறியின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டால், கட்டாயம் மாற்ற வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

1. எப்போது தயாரித்த டயர்? பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2325 என்றால், 2025-ம் ஆண்டின் 23-வது வாரம்.

2. என் காருக்குச் சொன்ன அதே அளவா? அதற்குப் பக்கத்தில் இருக்கும் எடை தாங்கும் எண்ணும் குறையக் கூடாது.

3. ஈர ரோட்டில் பிடிப்பு எப்படி? 'ரொம்ப நாள் உழைக்கும்' என்பது மட்டும் பதில் ஆகாது.

4. அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்துத்தானே விலை?

5. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னால் போடுவதுதான் வழக்கம். ஆனால், மழையில் பின் சக்கரம் வழுக்கினால் கார் சுற்றிவிடும், சமாளிப்பது கடினம்.

பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள், மாதம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். இந்த இரண்டையும் செய்தாலே, இப்போது இருக்கும் டயரே இன்னும் கொஞ்ச நாள் அமைதியாக ஓடும். செலவு செய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்!