தெருவிளக்கில் மரத்தின் நிறம்

தெருவிளக்கின் அடியில் நிற்கும் வேப்பமரத்தை இரவில் படம் பிடித்து வந்த மாணவர் ஒருவர், "இலையெல்லாம் பழுப்பாக விழுந்திருக்கிறதே, கேமராவில் கோளாறா ஐயா?" என்று கேட்டார். கோளாறு கேமராவில் இல்லை. காரணம் விளக்கின் ஒளியில் இருக்கிறது.

இலைக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மேல் விழும் ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் அதிலுள்ள பச்சையம் பெரும்பாலும் உட்கவர்ந்துவிடுகிறது. பச்சையில் ஒரு பகுதி எதிரொளிக்கப்படுகிறது. சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் இருப்பதால் பகலில் இலை பச்சையாகத் தோன்றுகிறது. விழும் ஒளியிலேயே பச்சை இல்லாவிட்டால் இலை எதை எதிரொளிக்கும்?

குறையழுத்தச் சோடியம் விளக்கு தரும் கண்ணுறு ஒளி ஏறக்குறைய முழுவதும் 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டே அலைநீளங்களில் அமைந்தது. இரண்டும் மஞ்சள். அதன் கீழ் இலையானாலும் சிவப்புச் சட்டையானாலும் மஞ்சளின் வெளிர், அடர் சாயல்களாகவே தெரியும். தெருக்களில் மிகுதியாக இடம்பெற்றது உயரழுத்தச் சோடியம் விளக்கு. அழுத்தம் கூடும்போது நிறமாலைக் கோடுகள் அகன்று, சிறிது பச்சையும் சிவப்பும் சேர்கின்றன. ஆயினும் மஞ்சளே மேலோங்கி நிற்பதால் இலை பழுப்பாகிறது.

டிஜிட்டல் கேமராவில் இதைத் திருத்த முடியாதா? சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளைத் தனித்தனி எண்களால் பெருக்கி, வெள்ளைப் பொருள் வெள்ளையாகத் தெரியுமாறு செய்யும் வசதி அதில் உண்டு. உயரழுத்த விளக்கில் இது ஓரளவு உதவும். ஆனால் பூஜ்யத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! இல்லாத நிறத்தைக் கேமரா உண்டாக்க இயலாது.

வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நிலைமை வேறு. நீல ஒளி தரும் குறைகடத்திச் சில்லின்மேல் பாஸ்பர் பூசப்பட்டுள்ளது. அது நீலத்தின் ஒரு பகுதியை ஏற்று, பச்சை முதல் சிவப்பு வரை பரந்த ஒளியாகத் தருகிறது. ஆகவே இலையின் பச்சை படத்திலும் விழுகிறது.

ஒளியின் அளவும் ஒரு சிக்கலே. விளக்கிலிருந்து 2 மீட்டரில் உள்ள கிளையைவிட 6 மீட்டரில் உள்ள கிளைக்குச் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு ஒளியே கிடைக்கும். ஒன்றுக்குப் பொருந்தும் நேர அளவு மற்றதற்குப் பொருந்தாது. எனவே கேமராவை முக்காலியில் பொருத்தி, 2, 4, 8 விநாடிகள் என மூன்று படங்கள் எடுத்துப் பாருங்கள். காற்றில்லாத இரவாக இருக்கட்டும். இலை அசைந்தால் படம் கலங்கிவிடும்.

சோடியம் விளக்கு எரியும் தெரு உங்கள் ஊரில் இருந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம். பழுப்பாகத் தெரியும் தாழ்ந்த கிளை ஒன்றின்மேல் கைபேசியின் வெள்ளை விளக்கை அருகிலிருந்து அடியுங்கள். அந்த இடம் மட்டும் பச்சையாக மாறும். இலை தன் இயல்பை இழக்கவில்லை. அதற்கு வேண்டிய ஒளி இதுவரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.