மகாவலிக்கரைப் பயணம்: சில குறிப்புகள்

விழாவையொட்டிக் கண்டிக்கு வரும் பழைய மாணவரிற் சிலர், ரைன், நைல் முதலிய நதிகளிற் கப்பலேறி உலாவியவர்கள். மகாவலியிலும் அத்தகைய உலாவை அவர்கள் எதிர்பார்த்தல் இயல்பே. ஆயின், 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கலக்கும் இந்நதி, மலைநாட்டிற் பாறைகளினூடே இறங்குவதாதலின், பெருங்கலங்கள் செல்லுதற்கு இடந்தருவதில்லை. எனவே, வழிகாட்டியுடன் கரைவழிச் செல்வதே ஏற்றதென்போம்.

முதலிற் பேராதனைப் பூங்காவைக் காண்க. அதனை நதி மூன்று புறமும் வளைந்து தழுவும் காட்சி இனிது. பின்னர், 1976இல் நிறைவுற்ற பொல்கொல்லை அணையையும், 1985இல் திறக்கப்பெற்ற, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையையும் காணலாம்.

வழிகாட்டியை அமர்த்துமுன், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கிய அனுமதிப்பத்திரம் அவரிடம் உண்டோவெனப் பார்த்தல் வேண்டும். பேசிய கட்டணத்துள் வண்டிக்கூலியும் நுழைவுச்சீட்டும் அடங்குமோ என்பதையும் முன்னரே கேட்டறிதல் நன்று.

மழைக்காலத்திற் கரைப்பாறைகள் வழுக்கும். மேல்நிலத்திற் பெய்த மழையினாலோ, அணைக்கதவுகள் திறக்கப்படுவதாலோ, நீர் விரைந்து பெருகுதலும் உண்டு. ஆகவே, நீராட விரும்புவோர் ஊரவரை வினவி, அவர்கள் நீராடுந் துறையிலேயே இறங்குக. சிறுவரைத் தனியே விடாதிருக்க.

கடல்கடந்து வாழும் அன்பர்தம் மக்கள் இந்நதியை முதன்முறை காணும் நாள், நெடுங்காலம் நினைந்து மகிழும் நாளாதல் வேண்டுமென்பதே எமது விருப்பம்.