திரையில் ஓடும் பெயர்கள்

திரைப்படம் எப்போது தொடங்குகின்றது, எப்போது முடிகின்றது என்று கேட்டால், கதைமாந்தர் தோன்றும்போது தொடங்குகின்றது, அவர்தம் துன்பம் தீரும்போது முடிகின்றது என்றே பலரும் விடை கூறுவர். அதற்கு முன்னும் பின்னும் திரையில் ஓடும் பெயர்களை நாம் படத்தின் பகுதியாகக் கருதுவதில்லை. ‘எழுத்துப் போடும்’ நேரம் இருக்கை தேடுவதற்கு உரியது. இறுதியில் பெயர்கள் மேலேறும் நேரம் வாயிலை நோக்கி நடப்பதற்கு உரியது. ஆயினும், நேயர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். கதை கற்பனை, அரண்மனை அட்டை, கண்ணீர் நடிப்பு. படம் முழுவதிலும் உண்மை மனிதரைப் பற்றி உண்மை கூற முற்படுவது அப்பெயர்ப் பட்டியல் ஒன்றே. இவ்வேலையை இன்னார் செய்தார் என்று அது சான்று பகர்கின்றது.

பெயருக்கும் வேலைக்கும் உள்ள உறவை மலையகத்தாருக்கு வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லே ஒரு நாள் உழைப்பைக் குறிக்கும். குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர். அளவு குறைந்தால் அரைப்பேர். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, மலையேறி, மழையில் நனைந்து உழைத்தாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் அந்த நாள் கணக்கில் இல்லை. ஒருவருடைய பெயரைப் பாதியாக்குவது அவருடைய உழைப்பைப் பாதியாக்குவது என்பதை நான்கைந்து தலைமுறைகளாக அறிந்த மக்கள் நாம். திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலும் ஒருவகைச் செக்ரோலே. அந்தக் கண்கொண்டு அதனைப் பார்ப்போமாயின் அதன் பெறுமதி தானே விளங்கும்.

முதலில் அப்பட்டியலைப் படிக்கும் முறையைப் பார்ப்போம். கதை என்பது நிகழ்ச்சிகளின் கரு. திரைக்கதை என்பது அதனைக் காட்சி காட்சியாக வகுப்பது. வசனம் என்பது மாந்தர் பேசும் பேச்சு. இம்மூன்றையும் ஒருவரே எழுதுவதும் உண்டு. மூவர் எழுதுவதும் உண்டு. ஒளிப்பதிவாளர் ஒளியையும் நிழலையும் ஆள்பவர். கலை இயக்குநர், கதை நடக்கும் வீட்டையும் வீதியையும் அமைப்பவர். படத்தொகுப்பாளர், எடுத்த காட்சிகளில் வேண்டாதவற்றை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டி, படத்தின் நடையை நிறுவுபவர். ஒரு காட்சியில் நம் நெஞ்சு படபடத்தால் அதில் நடிகருக்கு உள்ள பங்கைப் போலவே தொகுப்பாளருக்கும் பங்கு உண்டு. தமிழ்ப் படங்களின் தொடக்க எழுத்துகளில் இயக்குநரின் பெயர் பெரும்பாலும் இறுதியாகவே வரும். முன்னே சென்ற அனைவரின் வேலைக்கும் பொறுப்பேற்பவர் அவர் என்பதே அதன் பொருள்.

பெயர்களை வைக்கும் முறையிலும் செய்தி உண்டு. ‘சிட்டிசன் கேன்’ என்னும் அமெரிக்கப் படத்தை 1941 இல் இயக்கிய ஓர்சன் வெல்ஸ், தம் பெயர் வரும் அதே அட்டையில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் இடம்பெறச் செய்தார். ‘இவரின்றி நான் இல்லை’ என்பதை ஒரு சொல்லும் கூறாமல் உணர்த்திய செயல் அது. எழுத்துகளையே ஒரு கலையாக்கியவரும் உளர். சோல் பாஸ் என்னும் வரைகலைஞர், 1955 இல் வெளிவந்த ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ என்ற படத்துக்கு வெட்டிய தாள் போன்ற வடிவங்களை அசைத்து, கதையின் வேதனையை எழுத்துகளிலேயே காட்டினார். எழுத்துகள் தொடங்குமுன் திரைச்சீலையை விலக்கிவிட வேண்டும் என்று படம் காட்டுவோருக்குக் குறிப்பு அனுப்பவேண்டியிருந்ததாம். அதுவரை எழுத்துகள் மூடிய திரைச்சீலையின் மேலேயே ஓடி வீணாவதுண்டு.

பெயர்களைத் தொடர்ந்து செல்வது மற்றோர் இன்பம். ‘முள்ளும் மலரும்’ 1978 இல் வெளிவந்தபோது அதன் மலைக்காட்சிகளில் மனம் பறிகொடுத்தவர்கள், ஒளிப்பதிவு யார் என்று பார்த்திருந்தால் பாலு மகேந்திரா என்ற பெயரைக் கண்டிருப்பர். அப்பெயரைப் பின்தொடர்ந்தால் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் போய் நிற்போம். அங்கே பிறந்த அவர், மாணவப் பருவத்தில் பள்ளிச் சுற்றுலா சென்றபோது டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் படமெடுப்பதைக் கண்டதே தம்மைத் திரைப்படத்தின்பால் ஈர்த்தது என்று கூறியுள்ளார். அந்தப் படம் ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’. அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருந்தெருவில் உள்ள கித்துல்கலையில், களனி கங்கையின் மேல் அப்பாலம் எழுந்தது. 1957 இல் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நம் மலைவாயிலில் எடுக்கப்பட்ட அப்படத்தின் எழுத்துகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ‘திரைக்கதை: பியேர் பூல்’ என்று அவை அறிவித்தன. பூல் மூலக்கதையைப் பிரெஞ்சு மொழியில் எழுதியவர். ஆங்கிலத் திரைக்கதையை அவர் எழுதவில்லை. அதனை எழுதியவர்கள் கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் என்னும் இருவர். பொதுவுடைமைக் கட்சியோடு தொடர்புடையோர் என்று கருதப்பட்டவர்களுக்கு அமெரிக்கப் படநிறுவனங்கள் வேலை மறுத்த காலம் அது. அந்தத் தடைப்பட்டியலில் இவ்விருவரும் இருந்தனர். எனவே அவர்தம் உழைப்பு ஏற்கப்பட்டது, பெயர் ஏற்கப்படவில்லை. 1958 இல் திரைக்கதைக்கான ஒஸ்கார் விருதும் பூலின் பெயருக்கே போயிற்று. வில்சன் 1978 இல் மறைந்தார். போர்மன் 1984 இல் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே விருதுக் கழகம் அவ்விருவரையும் உரிய ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டது. பின்னர்ப் படம் செப்பனிடப்பட்டபோது அவர்கள் பெயர் எழுத்துகளில் சேர்க்கப்பட்டது. இறந்தபின் வந்த பேர் அது.

அதே எழுத்துகளில் வேறொரு குறையும் உண்டு. பாலத்தை அமைத்த இலங்கை நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கின்றது. மரம் சுமந்து, ஆற்றில் இறங்கிப் பாலத்தை எழுப்பிய உள்ளூர்த் தொழிலாளரின் பெயர்கள் இல்லை. இதற்கு முன்பும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில், பசில் ரைட் இயக்கி 1934 இல் உருவான ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் செய்திப்படம் உலகப் புகழ் பெற்றது. இயக்கியவர், தயாரித்த ஜோன் கிரியர்சன், உரை கூறிய லயனல் வென்ட், இசையமைத்த வால்டர் லீ ஆகியோரின் பெயர்களை நாம் அறிவோம். அதில் தோன்றி உழைக்கும் எளிய மக்களின் பெயர்களை அறியோம். முகம் உண்டு, பேர் இல்லை. எழுத்துகளைப் பார்க்கப் பழகியவர் இருப்பதை மட்டுமன்று, இல்லாததையும் காண்பர்.

புகழ்பெற்றவருக்கும் இது நேர்வதுண்டு. தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ‘எலிஃபண்ட் வாக்’ என்ற படத்துக்காக 1953 இல் விவியன் லீ இலங்கைக்கு வந்து நடித்தார். பின்னர் அவர் நோயுற, எலிசபெத் டெய்லர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். 1954 இல் வெளியான அப்படத்தில், தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் நடமாடுபவர் விவியன் லீயே. பெயரோ டெய்லருடையது.

வானொலி நேயர்களுக்கு இவ்வகையில் தனிப் பெருமை ஒன்று உண்டு. 1949 இல் ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடல் இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் ‘காமினி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. காமினி கதையில் வரும் பெண்ணின் பெயர். உண்மையில் பாடியவர் யார் என்று நேயர்கள் விடாது வினவினர். அதன் பின்னரே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிப்பட்டது. நம் வானொலியிலும் பாடலுக்கு முன்னே படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோரின் பெயர்களை அறிவிப்பாளர் கூறும் வழக்கம் வேரூன்றியது. தோட்டத்து லயங்களில் படிப்பறிவு வாய்க்காத முதியோரும் பாடலாசிரியர் பெயரைச் சொல்லுமளவுக்கு அவ்வழக்கம் செவிவழியே கற்பித்தது.

இந்நாட்டுத் தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை, பெயர்களை நினைவில் வைத்தல் இன்பம் மட்டுமன்று, கடமையுமாகும். மலையக வாழ்வைக் காட்டிய ‘தோட்டக்காரி’ 1963 இல் பி. எஸ். கிருஷ்ணகுமாரின் முயற்சியால் வெளிவந்தது. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975 இல் வந்தது. 1983 ஆடி வன்செயலின்போது ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டு, அங்கிருந்த படச்சுருள்கள் பல சாம்பலாயின. படம் அழிந்தபின் எஞ்சுவது யாது? பார்த்தவர் நினைவில் நின்ற பெயர்கள். அத்தகைய பெயர்களையும் செய்திகளையும் திரட்டித்தான் தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ என்ற நூலைத் தந்தார்.

இன்று படம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. தொடக்க எழுத்துகளைத் தாண்டுவதற்கு ஒரு பொத்தான் இருக்கின்றது. இறுதி எழுத்துகள் சுருங்கி மூலையில் ஒதுங்க, அடுத்த படம் தானே தொடங்குகின்றது. அப்பொத்தானை அழுத்தாதிருக்கும் உரிமை நம்மிடமே உள்ளது. எல்லாப் பெயரையும் படிக்க இயலாது. ஆகவே ஒரு படத்துக்கு ஒரு பெயரைக் கொள்க; அது நடிகர் பெயராக இராதிருக்கட்டும். உங்களைக் கவர்ந்தது காட்சியாயின் ஒளிப்பதிவாளரை, பேச்சாயின் வசனகர்த்தாவை, வீடாயின் கலை இயக்குநரைத் தேடுக. அடுத்த படத்தில் அப்பெயர் மீண்டும் வரும்போது, பழகிய ஒருவரைச் சந்தையில் கண்டாற் போன்ற மகிழ்ச்சி உண்டாகும். பிள்ளைகள் உடனிருப்பின், அவர்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தும் வளரும், ஒரு பெரும் வேலை பலருடைய கைகளால் ஆவது என்ற அறிவும் வளரும்.

அந்த இரண்டு மூன்று நிமிடம் நாம் இருக்கையை விட்டு எழாதிருப்பது, முன்பின் அறியாத ஒருவருடைய நாள் வேலைக்கு முழுப்பேர் போடுவதாகும்.